குரோம்ஃபோர்டில் முதல் குழு நடை: தண்ணீர் போன வழியே நாலு மைல்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களிடம் "கிராமப்புறம் பார்த்தீர்களா?" என்று கேட்டால், "ரயிலில் போகும்போது பார்த்தேன்" என்பதுதான் பெரும்பாலும் பதில். இறங்கி நடக்க ஆசை இருக்கும். ஆனால் அது யாருடைய நிலமோ, வழி தப்பினால் என்ன செய்வதோ என்ற யோசனையிலேயே அந்த ஆசை நின்றுவிடும். சுலபமான வழி, நடைக் குழு ஒன்றோடு சேர்ந்துகொண்டு போவதுதான். முதல் நடைக்கு எந்த இடம் என்று என்னைக் கேட்டால், டார்பிஷரில் இருக்கும் குரோம்ஃபோர்டைச் சொல்வேன். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் ரயில் நிலையம் உண்டு. பாதை கிட்டத்தட்ட முழுக்கச் சமதளம். நாலு மைலுக்குள் ஒரு பஞ்சாலை, ஒரு தேவாலயம், ஒரு கால்வாய், மலைச்சரிவில் ஏறிய ஒரு ரயில் பாதை, ஒரு நீராவிப் பம்பு எல்லாம் வந்துவிடும்.

தனித்தனியாகப் பார்த்தால் இவை வெறும் பழைய கட்டடங்கள்தான். தண்ணீர் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தார்கள், யாருக்குக் கிடைக்காமல் போனது என்று கேட்டுக்கொண்டே நடந்து பாருங்கள். எல்லாம் ஒரே வழக்கின் சாட்சிகள் மாதிரி பேச ஆரம்பிக்கும்.

குழுவைப் பிடிப்பது

பிரிட்டனில் நடப்பவர்களுக்கான பெரிய அமைப்பு ராம்ப்ளர்ஸ். 1935-இல் தொடங்கியது, ஊருக்கு ஊர் கிளைக்குழுக்கள் உண்டு. உறுப்பினராகச் சேரும் முன் சில நடைகளுக்குச் சும்மாவே போய்ப் பார்க்க விடுகிறார்கள். அவர்களுடைய இணையதளத்தில் தேதி, தூரம், சந்திக்கும் இடம் எல்லாம் போட்டிருக்கும். கூடவே தரவரிசையும் இருக்கும்: ஈசி, லெஷர்லி, மாடரேட், ஸ்ட்ரெனுவஸ் என்று. இதில் 'லெஷர்லி' என்பதைப் பார்த்துப் பூங்காவில் உலாத்துகிற மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். நல்ல ஷூவும் மழைச் சட்டையும் தேவைப்படுகிற நடை அது. முதல் தடவை 'ஈசி' போதும்.

நடை லீடரின் தொடர்பு விவரம் கொடுத்திருந்தால், இரண்டு நாள் முன்பே "புதியவன், வருகிறேன்" என்று ஒரு வரி எழுதிப் போடுங்கள். மூட்டு வலி, ஆஸ்துமா மாதிரி ஏதாவது இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை, அவர்களுக்கும் அதுதான் வசதி.

உடையும் பையும்

என் முதல் குழு நடைக்கு ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போனேன். பதினோரு மணிக்கு மழை பிடித்தது. ஒரு மணிக்கு என் இரண்டு கால்களும் ஈரச் சாக்கு மூட்டை ஆகிவிட்டன. பருத்தி நனைந்தால் காய்கிற வழியைக் காணோம், குளிரும் ஏறும். சீக்கிரம் உலரும் சாதாரண பேன்ட் எதுவானாலும் சரி, ஜீன்ஸ் மட்டும் வேண்டாம்.

ஷூவின் அடிப்பாகத்தில் பிடிமானம் இருக்க வேண்டும். புதிதாக வாங்கியிருந்தால் முன்கூட்டியே இரண்டு மூன்று நாள் போட்டுக்கொண்டு கடைத்தெரு போய்வந்து பழக்கிவிடுங்கள். பையில் தண்ணீர், மதியச் சாப்பாடு, கூடுதலாக ஒரு சாக்ஸ், ஒரு சிறிய டார்ச். டார்ச் எதற்கு என்பது கடைசியில் வரும். சாப்பாடு கையில் பிடித்துச் சாப்பிடுகிற மாதிரி இருக்கட்டும். கால்வாய்ச் சுவரில் உட்கார்ந்து இருபது நிமிடத்தில் முடித்தாக வேண்டும், டிபன் கேரியரைப் பிரித்து அடுக்குவதற்குள் குழு எழுந்துவிடும்.

லீடர்தான் வழி காட்டுகிறாரே என்று வரைபடத்தை விட்டுவிடாதீர்கள். ஆர்ட்னன்ஸ் சர்வே எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல் 24 என்ற தாளில் இந்தப் பகுதி வருகிறது. 1:25,000 அளவு, அதாவது தாளில் 4 செ.மீ. என்றால் தரையில் 1 கி.மீ. பொது நடைபாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும். சிலுவை மட்டும் தனியாக இருந்தால் கோபுரமில்லாத தேவாலயம், சதுரத்தின் மேல் சிலுவை என்றால் தட்டைக் கோபுரம், வட்டத்தின் மேல் என்றால் கூர்க்கோபுரம். இதைத் தெரிந்துகொண்டால் தூரத்தில் மரங்களுக்கு மேலே தெரிவது எந்த ஊர் என்று நீங்களே சொல்லிவிடலாம்.

கிளம்பும் நேரம்

டார்பியிலிருந்து மேட்லாக் போகும் ரயிலில் ஏறி குரோம்ஃபோர்டில் இறங்க வேண்டும். சிறிய நிலையம். அடுத்த வண்டிக்கு நெடுநேரம் ஆகும், அதனால் ஒரு வண்டி முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. பத்து மணி என்றால் பத்து மணிக்குக் கால் நகர்ந்துவிடும்.

லீடர் முதலில் தலைகளை எண்ணுவார், பிறகு இரண்டு நிமிடம் பேசுவார். கடைசியில் வர ஒருவரை நியமிப்பார். இங்கே அவரை 'பேக் மார்க்கர்' என்பார்கள். விதி ஒன்றே ஒன்றுதான்: லீடருக்கு முன்னால் போகக் கூடாது, பேக் மார்க்கருக்குப் பின்னால் தங்கக் கூடாது. செடி மறைவுக்குப் போக வேண்டுமென்றாலும் அவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதியில் வீடு திரும்ப நினைத்தால் கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். சொல்லாமல் போய்விட்டால், நீங்கள் ரயிலில் தூங்கிக்கொண்டிருக்கும்போது பதினைந்து பேர் உங்களைக் காட்டில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

பேச்சுத் துணையைப் பற்றிக் கவலை வேண்டாம். பக்கத்தில் நடப்பவர் மாறிக்கொண்டே இருப்பார். வானிலையில் தொடங்கி, முழங்கால் ஆபரேஷன் வரை தானாகவே பேச்சு போய்விடும்.

பாலம், பிறகு தேவாலயம்

நிலையத்திலிருந்து சில நிமிடத்தில் டெர்வென்ட் ஆற்றுப் பாலம். நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பாருங்கள். ஒரு பக்கத்து வளைவுகள் கூர்மையாகவும், மறுபக்கத்து வளைவுகள் உருண்டையாகவும் இருக்கும். பழைய பாலத்தைப் பிற்காலத்தில் அகலப்படுத்தியதன் தடயம் இது. பக்கத்திலேயே, பயணம் போகிறவர்கள் பிரார்த்தனை செய்த சிறிய கோயிலின் இடிபாடு இருக்கிறது.

பாலத்தைக் கடந்து ஆலைக்குப் போகிற வழியில் செயின்ட் மேரி தேவாலயம். அது திறந்திருக்கும் நாள்களை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். குழுவாகப் போவதென்றால் லீடரே ஏற்பாடு செய்திருப்பார். வாசலில் நம் கை தானாக ஷூவைக் கழற்றப் போகும். அவசியமில்லை, இங்கே ஷூவோடுதான் உள்ளே போகிறார்கள். ஆனால் ஷூ முழுக்கச் சேறு என்றால் முன்மண்டபத்தில் கழற்றிவிட்டு சாக்ஸோடு போவதே மரியாதை. தொப்பியை எடுத்துவிடுங்கள். வழிபாடு நடந்தால் வெளியே காத்திருங்கள். வருகையாளர் புத்தகத்தில் ஊரும் பெயரும் எழுதுங்கள், உண்டியலில் இரண்டு மூன்று பவுண்டு போடுங்கள். கூரை ஒழுகாமல் இருப்பதற்கு அந்தக் காசும் ஒரு காரணம்.

இது ஊரார் கூடிக் கட்டிய பழங்கோயில் இல்லை, ஆலை முதலாளி தொடங்கிய கோயில். ரிச்சர்ட் ஆர்க்ரைட் தன் வீட்டுக்காக ஆரம்பித்தார். 1792-இல் அவர் இறந்துபோக, மகன் முடித்து 1797-இல் திறந்தார். முதலில் எளிமையான பெட்டி மாதிரிதான் இருந்தது. 1858 வாக்கில் கோதிக் பாணியில் மாற்றிவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படும் சுவரோவியங்களும் வண்ணக் கண்ணாடிகளும் 1897-இல் ஏ. ஓ. ஹெமிங் செய்தவை. ஆர்க்ரைட்டை அடக்கம் செய்திருப்பதும் இங்கேதான்.

எந்த ஊர்த் தேவாலயத்துக்குப் போனாலும் நான் மூன்று விஷயம் பார்ப்பேன்: கட்டியது யார் பணம், சுவர்ப் பலகைகளில் யார் பெயர், வெளியே கல்லறைகளில் யார் பெயர். சுவரில் முதலாளி குடும்பம் இருக்கும், புல்லில் தொழிலாளி குடும்பம் இருக்கும். இந்த வட்டாரத்துக்கென்று ஒரு விதிவிலக்கும் உண்டு. சில மைல் தள்ளி வெர்க்ஸ்வொர்த் ஊரின் தேவாலயச் சுவரில், கையில் பிக்காசும் கூடையுமாக ஓர் ஈயச் சுரங்கத் தொழிலாளியின் பழைய புடைப்புச் சிற்பம் பதித்திருக்கிறது. பெயர் தெரியாத ஒரு கூலிக்காரர் கோயில் சுவரில் ஏறியிருக்கிறார். இன்னொரு நாள் கட்டாயம் போய்ப் பாருங்கள்.

ஆலை

ஆர்க்ரைட் முடிதிருத்துபவராகவும் விக் செய்பவராகவும் வாழ்க்கையைத் தொடங்கியவர். 1769-இல் நூற்பு இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1771-இல் அதைத் தண்ணீரால் ஓட்ட இங்கே ஆலை கட்டினார். தண்ணீர் விசையில் வெற்றிகரமாக ஓடிய முதல் பருத்தி நூற்பாலை இதுதான்.

தறி தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். அதுவரை இங்கிலாந்தில் நூற்ற பருத்தி நூல் குறுக்கே ஓடும் ஊடைக்குத்தான் தாங்கும், நீளவாக்கில் ஓடும் பாவுக்குத் தாங்காது. இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன் நூலைப் போட்டு, ஊடைக்கு மட்டும் பருத்தியைப் போட்டார்கள். ஆர்க்ரைட்டின் இயந்திரம் நூலை முறுக்கேற்றி வலுவாகக் கொடுத்தது. பாவும் ஊடையும் பருத்தியாகவே முழுத் துணி நெய்ய முடிந்தது. நம் பக்கம் கையால் நூற்றவர்கள் அதற்கு முன்பே நூற்றாண்டுகளாகச் செய்துவந்த காரியம் அது. இந்தியத் துணி வந்து குவிகிறதென்று 1721-இல் சட்டம் போட்டுத் தடுத்த நாட்டில், ஒரு பள்ளத்தாக்கு ஆலை அந்தப் போட்டியைத் திருப்பிப் போட்டது. இந்த முற்றத்தில் நின்று அதை நினைக்கும்போது கொஞ்சம் நெஞ்சு கனக்கத்தான் செய்யும்.

சாலைப் பக்கச் சுவரைக் கவனியுங்கள். கீழே ஜன்னலே இல்லை. இயந்திரங்களை உடைக்கக் கூட்டம் வரும் என்ற பயத்தில் கோட்டை மாதிரி கட்டியிருக்கிறார்கள். உள்ளே இரவும் பகலும் ஷிஃப்ட், வேலை செய்தவர்களில் பெரும்பங்கு குழந்தைகள். கட்டடம் இப்போது பழைய உயரம் இல்லை. மேல் இரண்டு மாடிகள் 1929 தீ விபத்தில் போயின. இருபதாம் நூற்றாண்டில் வண்ணப்பொடி தயாரிக்கும் தொழிற்சாலையாக இருந்தது. 1979-இல் ஆர்க்ரைட் சொசைட்டி வாங்கிப் படிப்படியாகச் சீர்செய்தது. 2001-இல் டெர்வென்ட் பள்ளத்தாக்கு ஆலைகள் முழுவதும் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின.

சரி, ஆறு பக்கத்திலேயே ஓடும்போது இந்த ஆலையை ஏன் ஆற்றின் மேல் கட்டவில்லை? சாலைக்கு மேலே குறுக்காகப் போகும் இரும்புத் தொட்டிப் பாலத்தைப் பாருங்கள், 1821-இல் வைத்தது. அதில் வந்தது ஈயச் சுரங்கத்து வடிகால் நீர். மலைக்குள் சுரங்கம் வெள்ளத்தில் மூழ்காமல் இருக்கத் தொழிலாளிகள் நீளமாக வடிகால் குடைந்து தண்ணீரை வெளியே விட்டார்கள். அந்த வடிகாலுக்கு உள்ளூர்ப் பெயர் 'சஃப்'. பூமிக்குள்ளிருந்து வருவதால் அந்தத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், குளிர்காலத்திலும் உறையாது. பனிக்காலத்தில் மற்ற சக்கரங்கள் நின்றாலும் ஆர்க்ரைட்டின் சக்கரம் நிற்காது. அடுத்தவன் வேண்டாமென்று கொட்டிய தண்ணீர் இவருக்குப் பொன்னாகிவிட்டது.

தேநீர்க் கடை இந்த வளாகத்திலேயே இருக்கிறது. கழிப்பறையையும் இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கால்வாய்க் கரை

ஆலைக்கு எதிரே கால்வாய்த் துறை. கிடங்குகளுக்கு நடுவே புகுந்தால், படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதை தொடங்கும். இனி வழி தப்புவதற்கே இடமில்லை, தண்ணீர் பக்கத்தில் இருக்கும்வரை சரியான பாதையில்தான் போகிறீர்கள்.

வில்லியம் ஜெசப், பெஞ்சமின் அவுட்ரம் என்ற பொறியாளர்கள் இந்தக் கால்வாயை வெட்டினார்கள். 1794-இல் முடிந்தது. இங்கிருந்து லாங்லி மில் வரை பதினாலரை மைல். சுண்ணாம்புக்கல், ஈயம், நிலக்கரி எல்லாம் படகில் போயின. 1900-இல் நடுவழியில் இருந்த சுரங்கவழி இடிந்து கால்வாய் இரண்டாக அறுந்துபோனது. அதன் பிறகுதான் வாத்துகளுக்கும் நீர் எலிகளுக்கும் நல்ல காலம். 'ப்ளாப்' என்று சத்தம் கேட்டால் நின்று கரையோரப் புல்லைப் பாருங்கள், பழுப்பு உருண்டை ஒன்று நீந்திப் போகும்.

சைக்கிள்காரர்கள் மணியடித்தால் தண்ணீர்ப் பக்கம் ஒதுங்காமல் உட்பக்கம் ஒதுங்குங்கள். வரிசையாகப் பத்துப் பேர் அகலத்தை அடைத்துக்கொண்டு போகக் கூடாது. வழியில் கேட் வந்தால், திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடிவிட்டு. பின்னால் ஆள் வருகிறார் என்றால் அவருக்குப் பிடித்துக் கொடுங்கள். நாட்டுப்புற விதிகளில் இது ஒன்றுதான் எல்லாரும் கவனிப்பது.

அரைமணி நேரத்தில் ஹை பீக் ஜங்ஷன். 1830-இல் இங்கிருந்து மலைமேல் ஏறும் ரயில் பாதை திறந்தார்கள். செங்குத்தான சரிவில் பெட்டிகளைக் கயிறு கட்டி, மேலே இருந்த நீராவி இயந்திரம் இழுத்தது. எட்டு ஒன்பது அடி நகர்ந்தால் ஓர் அடி ஏற்றம். 1888-இல் இரண்டு வண்டிகள் அறுத்துக்கொண்டு கீழே பாய்ந்து, கால்வாயையும் பக்கத்து ரயில் தண்டவாளத்தையும் தாண்டிப் போய் விழுந்தன. அதற்குப் பிறகுதான் ஓடிவரும் வண்டியைப் பிடிக்க ஒரு குழி வெட்டினார்கள். சரிவில் கொஞ்சம் ஏறினால் அந்தக் குழி இருக்கிறது, பிற்காலத்தில் விழுந்த ஒரு வண்டி நசுங்கியபடி இன்னும் உள்ளே கிடக்கிறது. குழுவில் பாதிப் பேர் "சாப்பிடலாமே" என்பார்கள். நீங்கள் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள், பேக் மார்க்கரிடம் சொல்லிவிட்டு.

சனி இரவு தொடங்கி ஞாயிறு இரவு வரை

சாப்பாட்டுக்குப் பிறகு சில நிமிடம் நடந்தால் லீவுட் பம்பு நிலையம். கல் கட்டடம், உயரமான புகைபோக்கி. இந்த நடையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

ஆர்க்ரைட்டின் வடிகால் தண்ணீர் ஆலையைச் சுற்றிவிட்டுக் கால்வாய்க்கு வந்துகொண்டிருந்தது. ஆனால் சுரங்கக்காரர்கள் அதைவிட ஆழமாக மீர்புரூக் என்ற இன்னொரு வடிகாலைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கீழே ஓட்டை போட்டால் மேல் தொட்டி வற்றத்தானே செய்யும்? ஆலைக்குத் தண்ணீர் குறைந்தது. ஆர்க்ரைட் குடும்பம் நீதிமன்றம் போய் 1839-இல் தோற்றது. சுரங்கம் வடிந்த தண்ணீர் சுரங்கக்காரர் வசதிக்காக ஓடியது, அது எப்போதும் ஓடும் என்று கீழே இருப்பவர் உரிமை கொண்டாட முடியாது என்று தீர்ப்பு. தண்ணீர் உரிமை வழக்குகளில் அது இன்றும் பேசப்படுகிற தீர்ப்பு.

ஆலை தளர்ந்தது, கால்வாயும் வற்றத் தொடங்கியது. அதனால் 1849-இல் இந்தப் பம்பு. ஆற்றிலிருந்து தண்ணீரை ஏற்றிக் கால்வாயில் கொட்டும். ஒரு வீச்சுக்கு நாலு டன், நிமிடத்துக்கு ஏழு வீச்சு. ஆற்றின் கீழ்ப்பகுதி ஆலைகள் சும்மா விடுமா? எங்கள் சக்கரத்துத் தண்ணீரை எடுக்காதே என்றன. கடைசியில் ஒப்புக்கொண்ட நேரம், சனிக்கிழமை இரவு 8 மணியிலிருந்து ஞாயிறு இரவு 8 மணி வரை. ஆலைகள் நிற்கும் நேரம் அது. காலையில் பார்த்தீர்களே அந்தத் தேவாலயம், அதற்குள் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்த அதே வேளையில் இங்கே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஊரே ஓய்வெடுத்த ஒரு நாளில்தான் கால்வாய் தண்ணீர் குடித்தது.

வருடத்தில் சில நாள் தன்னார்வலர்கள் நீராவி ஏற்றி இதை ஓட்டிக் காட்டுகிறார்கள். உங்கள் நடை அந்த நாளில் அமைந்தால் நல்லது. முப்பதடிக்கு மேல் நீளமான வார்ப்பிரும்பு உத்தரம் தலைக்கு மேலே மெதுவாகச் சாய்ந்து எழும். பெரிய சத்தத்தை எதிர்பார்த்துப் போவீர்கள். வருவது ஒரு பெருமூச்சும், பிறகு தண்ணீர் கொட்டும் ஓசையும்தான். சூடான எண்ணெய் வாசனை சட்டையில் வீடு வரை வரும்.

கடைசி மைல்

பம்பை ஒட்டிக் கால்வாய் ஒரு கல் வளைவின் மேல் ஏறி ஆற்றைக் கடக்கிறது. தண்ணீருக்கு மேலே தண்ணீர். படம் எடுக்க எல்லாரும் நிற்பார்கள், ஓரத்தில் வழுக்கும், பார்த்து நில்லுங்கள். அப்புறம் காடு. சிறிது தூரத்தில் கிரெகரி சுரங்கவழி, எழுபது மீட்டர் போலத்தான், ஆனால் நடுவில் காலடி தெரியாது. பையில் வைத்த டார்ச் இதற்குத்தான். எதிரே ஆள் வந்தால் குரல் கொடுங்கள்.

யாராவது விழுந்து நடக்க முடியாமல் போனால் 999 அடித்து முதலில் போலீஸ், பிறகு மலை மீட்புக் குழு என்று கேட்க வேண்டும். வரைபடத்திலிருந்து இடத்தின் எண்ணைப் படித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் வேலை பாதி முடிந்த மாதிரி. லீடருக்கே அடிபடலாம் என்பதால் இதை எல்லாரும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

நடை முடியும் ஊரான வாட்ஸ்டாண்ட்வெல் நெருங்கும்போது ஆற்றின் மறுகரைப் பக்கம் பாருங்கள். ஆர்க்ரைட்டிடமிருந்து தண்ணீரைப் பறித்த அந்த மீர்புரூக் வடிகால் அந்தப் பக்கத்தில்தான் ஆற்றில் வந்து கலக்கிறது. சுரங்கங்கள் மூடிப் பல காலம் ஆகிவிட்டது. தண்ணீர் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

இதுதான் ரயில் நிலையம். லீடரிடம் நன்றி சொல்லிவிட்டு, அவர் கடைசியாக ஒருமுறை தலை எண்ணி முடிக்கும்வரை நில்லுங்கள். வண்டிக்கு நேரம் இருந்தால் சிலர் பக்கத்தில் குடிக்கப் போவார்கள். எலுமிச்சைச் சோடா வாங்கிக்கொண்டு நீங்களும் உட்காரலாம், அடுத்த நடை எங்கே என்பது அங்கேதான் முடிவாகும். வீட்டுக்கு வந்ததும் ஈர ஷூவை ஹீட்டர் மேல் வைக்காதீர்கள், தோல் வெடித்துவிடும். உள்ளே பழைய செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து வையுங்கள். காலையில் தாளை ஒருமுறை மாற்றினால், அடுத்த ஞாயிற்றுக்குள் காய்ந்துவிடும்.